தட்டான் ஓடவில்லை

சான் பெத்ரோ தே மக்கோரிஸ்
8 நவம்பர் 1987

என் கொமாத்ரே டொமிட்டிலாவுக்கு,

நான் நலம். அந்தக் குளிர் தேசத்தில் நீ நலமாய் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். சேதி நேராக இருக்கும்.

உன் மகன் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை பேஸ்பால் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். ராதமேஸ் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மைதானமே எழுந்து நின்றது. அமெரிக்காவில் பெயர் வாங்கிய பிள்ளை, குளிர்காலத்துக்கு நம் ஊர் அணிக்கு ஆட வந்திருக்கிறானே என்று. அடித்தான். பந்து தரையோடு உருண்டது. அடித்தவன் முதல் பேஸுக்கு ஓட வேண்டுமா வேண்டாமா? உன் பிள்ளை நடந்தான். பந்தை எடுத்தவன் தடுமாறிக் கீழே போட்டு, மறுபடி பொறுக்கி எறிந்தான். அப்படியும் உன் மகன் அவுட்.

கடலை விற்கிற நிக்கனோர் அவனுக்கு வக்காலத்து வாங்கினான். "விடுங்க கசில்டாம்மா, அது டாலர் காலு. இங்க ஓடி உடைஞ்சா நீங்களா வாங்கிக் கொடுப்பீங்க?"

"அப்ப காலை அங்கயே கழட்டி வெச்சிட்டு வரச் சொல்லு. எதுக்கு இங்க வந்து காட்டுறான்?" என்றேன்.

அடுத்த முறையும் நடந்தான். நான் எழுந்து நின்று, "மாப்ளே, ஊர்வலம் நல்லாப் போகுது, பொண்ணு எங்கடா?" என்று கத்தினேன். நாலு வரிசை சிரித்தது. இப்போது மேளக்காரர்கள்கூட அவன் நடந்தால் கல்யாண மெட்டு வாசிக்கிறார்கள்.

இன்னொன்று. அவன் ஊருக்கு வந்து மூன்று வாரம். திருமுழுக்கில் அவனைக் கையில் ஏந்திய ஞானத்தாய் நான், அதனால்தானே நாம் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. என்னைப் பார்த்து "ஆசீர்வாதம், ஞானம்மா" என்று இன்னும் கேட்கவில்லை. நம் ஊரில் திருடன்கூடக் கேட்டுவிட்டுத்தான் திருடப் போவான். நான் மறக்கிற ஜாதி இல்லை என்று உனக்குத் தெரியும். டேவிட் புயலுக்கு மறுநாள் என் பெரிய பானையை வாங்கிப் போனாய், மூடி இல்லாமல் திரும்பி வந்தது.

அன்புடன்,
கசில்டா


ஒஹாயோ
27 நவம்பர் 1987

அன்புள்ள கசில்டா,

உன் கடிதம் வந்தது. நலம் கேட்டது ஒரு வரி, என் மகனைத் திட்டியது ஒரு பக்கம்.

உனக்கு ஒன்றும் தெரியாது. அவனுடைய அமெரிக்க அணிக்காரர்கள் கண்டித்துச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள், அங்கே போய்க் காலை வருத்திக்கொள்ளாதே என்று. ஏப்ரலில் இங்கே ஓட வேண்டிய கால் அது. போன வருஷம் முட்டியில் ஊசி போட்டுக்கொண்டு ஆடினான். வீட்டுக்கு வந்து படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். அதை எந்த நிக்கனோர் பார்த்தான்?

நான் சுகம். வீட்டில் ஏழு அறை. ஒன்றில் படுக்கிறேன், ஒன்றில் சமைக்கிறேன், மற்றதில் விளக்கு மட்டும் போடுவேன், யாரோ இருப்பதுபோல் இருக்கட்டும் என்று. வியாழக்கிழமை ஒரு பையன் வண்டியில் சாமான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். அவனுக்கு நம் பாஷை தெரியாது. என் காகிதங்கள் வரும்வரை நாட்டை விட்டு நகரக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். என்ன கூத்து பார். அவன் அங்கே வெயிலில், நான் இங்கே பனியில்.

உன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். உன் பேரன் கிகோவைப் பயிற்சி முகாமிலிருந்து திருப்பி அனுப்பினார்களே, அன்றிலிருந்து உனக்கு என் மகன் கண்ணில் விழுந்த தூசி.

அவனைத் திட்டுவதற்காகத்தான் எழுதுவாய் என்றால் இனி எழுத வேண்டாம்.

டொமிட்டிலா


ஒஹாயோ
2 ஜனவரி 1988

கசில்டா,

நீ எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று சொன்னால் எழுதாமலே இருந்துவிடுகிற ஆள் நீ என்பதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்று போன் செய்தான். பின்னால் ஒரே பாட்டுச் சத்தம். "நல்லா இருக்கியாம்மா, சாப்பிட்டியாம்மா" என்றான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

இங்கே பேப்பரில் நம் ஊர் ஆட்டத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட வராது. உன் கடிதம் ஒன்றில்தான் அவன் அந்த ஊரில் நடமாடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் நடந்ததை நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதை எத்தனையோ முறை படித்தேன். கோபமாகப் படித்தேன், ஆனால் படித்தேன்.

திட்டியாவது எழுது. இளைத்திருக்கிறானா? தலைமுடியை வெட்டினானா? முட்டியைத் தேய்க்கிறானா? யார் வீட்டில் சாப்பிடுகிறான்? நீ எதையும் மறக்கமாட்டாய். பார்த்ததை அப்படியே எழுது.

கிகோவைப் பற்றிச் சொன்னது தப்பு.

உன்
டொமிட்டிலா


சான் பெத்ரோ
18 ஜனவரி 1988

என் கொமாத்ரேவுக்கு,

கிகோவைப் பற்றி நீ எழுதிய வரி எந்தப் பக்கத்தில் எத்தனையாவது என்றுகூட எனக்குத் தெரியும். அது இருக்கட்டும். நீ கேட்டாய், சொல்கிறேன்.

இளைக்கவில்லை. கழுத்து தடித்திருக்கிறது. முடி வெட்டவில்லை, தொப்பிக்குப் பின்னால் தொங்குகிறது. கடற்கரை ஹோட்டலில் தங்கி அங்கேயே சாப்பிடுகிறான் என்று நிக்கனோர் சொல்கிறான். மட்டை பிடிப்பதற்கு முன்னால் இடது முட்டியைத் தேய்க்கிறான். அவன் அப்பன் கரும்பு வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும் தேய்ப்பானே, அதே மாதிரி. அதைப் பார்த்த அன்று நான் கத்தவில்லை.

ஆனால் ஒன்று கேள். பத்து நாள் முன்பு தலைநகர் அணியோடு ஆட்டம். இவன் முதல் பேஸில் நிற்கிறான். அடுத்தவன் அடித்த பந்து சுவரோரம் போய்விட்டது. டொமிட்டிலா, அவன் ஓடினான். தலைத்தொப்பி பறந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ், மட்டை பிடிக்கிற இடமான 'வீடு'வரைக்கும் ஒரே ஓட்டம். சின்ன வயதில் கரும்புக் காட்டுக்குள் தட்டான்பூச்சி மாதிரி ஓடுவானே, தட்டான் என்று பேர் வைத்தோமே, அந்தப் பையன். நானும் எழுந்து நின்றேன், மறைப்பானேன்.

"இப்ப என்ன சொல்றீங்க கசில்டாம்மா?" என்றான் நிக்கனோர்.

"இப்பதான்டா எனக்கு நிஜமாவே கோவம் வருது. முடியாதவன்னா பாவம்னு விட்டுடலாம். இவனால முடியுது. யாருக்கு ஓடணும், யாருக்கு வேண்டாம்னு இவனா பார்த்து முடிவு பண்றான்."

நேற்று ஞாயிறு மதியம் அவனுக்குக் கடைசி ஆட்டம். முடிந்ததும் வேலியோரம் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். நிக்கனோரும் கூட வந்தான். உன் மகன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தான். "தட்டான்" என்று கூப்பிட்டேன். உன் பெயரைச் சொல்லியும் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வேனில் ஏறினான், கதவு மூடியது, போய்விட்டார்கள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஆசீர்வாதம் என் வாயிலேயே இருக்கிறது.

நல்ல சேதியும் உண்டு. "முகாமுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாவப் பார்த்துட்டுத்தான் போவேன்" என்று ரேடியோவில் சொன்னானாம். இந்தக் கடிதத்தை நாளை விமானம் ஏறும் என் மைத்துனனிடம் கொடுத்து அனுப்புகிறேன், அங்கே இறங்கியதும் தபாலில் போடுவான். அடுப்பைத் தயார் செய்.

கசில்டா


ஒஹாயோ
20 பிப்ரவரி 1988

அன்புள்ள கசில்டா,

உன் கடிதம் வந்த அன்றே ஏழு அறையையும் கூட்டினேன். சாமான் கொண்டுவரும் பையனுக்குப் படம் வரைந்து காட்டி ஆட்டிறைச்சி வாங்கினேன். நம் வாழைக்காய் இங்கே கிடைப்பது அரிது, அதையும் தேடிக் கொண்டுவந்தான். வாசல் விளக்கை ஒரு வாரம் அணைக்கவில்லை.

வந்தது ஒரு லாரி. பெரிய டிவி ஒன்றை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் போன் வந்தது. நேராக ஃபுளோரிடா முகாமுக்குப் போய்விட்டானாம். "அதுல என்னை நல்லாப் பெருசா பார்க்கலாம்மா" என்றான்.

நீ சொன்னது சரி. யாருக்கு ஓடுவது என்று அவனேதான் முடிவு செய்கிறான். அம்மா எங்கே போய்விடப் போகிறாள் என்று எனக்கு மட்டும் நடக்கிறான். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மைதானத்தில் போய்ச் சொல்லாதே. அவனை இப்படிச் சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை.

இறைச்சியை மூன்று நாள் நானே சாப்பிட்டேன்.

அவனைப் பற்றி இனி எழுதாதே. திட்டியும் எழுதாதே, நல்லதாகவும் எழுதாதே. ஆட்டப் பருவம் முடிந்துவிட்டது, சொல்ல எதுவும் இல்லை.

டொமிட்டிலா


சான் பெத்ரோ
6 மார்ச் 1988

என் டொமிட்டிலாவுக்கு,

எழுதாதே என்கிறாய். என்னிடம் உள்ளதை எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது. கோபித்துக்கொள்.

போன கடிதத்தில் ஒன்றை எழுத மறந்துவிட்டேன்.

வேன் போய்விட்டது என்று எழுதினேன் அல்லவா. அது வேறு வேன். எனக்குக் கண் முன்போல் இல்லை. சோளம் விற்கிற கடைவரைக்கும் நான் நடந்துவிட்டேன். பின்னால் யாரோ வரும் சத்தம். திரும்பிப் பார்த்தால் உன் மகன். ஓடி வந்தான் டொமிட்டிலா. தெரு நெடுக ஓடி வந்தான், மூச்சு வாங்கியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆசீர்வாதம், ஞானம்மா" என்றான். கொடுத்தேன்.

அப்புறம் மறுபடி தலையைக் குனிந்தான். "அம்மாகிட்டயும் கேட்கணும், அம்மா தூரத்துல இருக்கா. அவளுக்குப் பதிலா நீங்களே குடுங்க" என்றான். நெற்றியில் கை வைத்து, உன் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். அவன் நெற்றி சுட்டது. ஓடி வந்தவன் அல்லவா.

இதை எப்படி எழுதாமல் விட்டேன் என்று தெரியவில்லை. வயதாகிவிட்டது.

நிக்கனோருக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காதே. அவன் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டான். பார்த்தது நான் ஒருத்திதான்.

உன்
கசில்டா