நாற்றம் வராத ஏழு குழல்கள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதே, இது நானே என் கையால் உனக்கு எழுதும் முதல் கடிதம், இந்த வரிக்கு வருவதற்குள் டீ ஆறிப் போய்விட்டது. எடுத்தவுடன் எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும் என்று முதியோர் வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். அம்மா நலம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக மாப்பிள்ளை.

முந்தாநாள் போனில், மாப்பிள்ளை அந்தப் புகையிலைப் பைப்பை இனி வாயில் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன்ப்பா, ஏன்ப்பா என்று நீ கேட்டது காதில் விழுந்தது. வாயால் சொல்ல வரவில்லை, கண்ணு. எழுதினால் நடுவில் யாரும் கேள்வி கேட்க முடியாதே, அதனால் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த நாளிலிருந்து என் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை, தீப்பெட்டி, மருந்துப் புட்டி, பஸ் பலகை, கிழிந்த சுவரொட்டி ஒன்றையும் விடுவதில்லை. இந்த மனுஷனோடு ஒரு தெரு தாண்ட ஒரு மணி நேரம் ஆகிறது, ஊமையாக நடந்தவர் இப்போது ஊர்ப் பலகையெல்லாம் ஒப்பிக்கிறார் என்று உன் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். வெளியே படிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போன வாரம் பட்டறை மேஜையின் இழுப்பறையைத் திறந்தேன். அடியில் ஒரு தாள் விரித்திருந்தேன், போன வருஷம் பைப்புக் குழல் செய்யப் புதுக் கடையில் வாங்கிய கறுப்புக் குச்சிக் கட்டைச் சுற்றி வந்த தாள் அது. சின்ன எழுத்து. மின்சார வேலைக்கு மட்டும், வாயில் படும் பொருள்கள் செய்யக் கூடாது என்று இருந்தது. நான்தான் தப்பாகக் கூட்டுகிறேனோ என்று டீச்சரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை தாத்தா, ரொம்பச் சரியாகப் படிச்சிருக்கீங்க என்று அவர் கைதட்டினார், வகுப்பே கைதட்டியது. நான் அந்தத் தாளோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பழைய பைப்புக்கு மரம் கெடுவதில்லை, வாயில் வைக்கும் குழல்தான் பல் பட்டு ஓட்டையாகும், அதற்குக் கெட்டி ரப்பர் குச்சியை அறுத்துக் கடைந்து புதுக் குழல் போடுவதுதான் இத்தனை வருஷம் நம் வீட்டுச் சோறு. அந்த ரப்பரில் அரம் பட்டால் கந்தகம் மாதிரி நாறும், நீகூட மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாய். இந்தப் புதுக் குச்சி நாறவே இல்லை. வெயிலில் வைத்தாலும் ரப்பர் மாதிரி பச்சை பூக்கவில்லை. இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது என்று அம்மா மெச்சினாள், நானும் உயர்ந்த சரக்கு என்று மார்தட்டினேன். நாறவில்லை என்றால் இது ரப்பரே இல்லை என்று தோன்றியிருக்க வேண்டாமா, முப்பது வருஷம் அரம் பிடித்த மூக்குக்கு?

எழுதத் தெரியாத காலத்தில் கணக்கு மறக்காமல் இருக்க, செய்த ஒவ்வொரு குழலின் அறுத்த நுனியையும் ஒரு கம்பியில் வரிசையாகக் கோத்து வைப்பேன் அல்லவா, அதை இறக்கி ஒவ்வொன்றாக உரசி மோந்து பார்த்தேன். நாறாதவை ஏழு. ஐந்து பேர் வீட்டுப் படி ஏறி, பொய் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லித் திரும்ப வாங்கிவிட்டேன். உள்ளே இழுக்கிற புகைக்குப் பயப்படாத ஆட்கள் உங்கள் வீட்டுக்காரர் குச்சிக்கா சாகப் போகிறார்கள் என்று ஒருவர் அம்மாவிடம் கேட்டாராம். ஆறாவது, கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். அவரும் அப்படித்தான் கேலி பேசினார், பேசிக்கொண்டே பைப்பை வாயிலிருந்து எடுத்துக் குழலை ஒரு நிமிஷம் பார்த்தார், அப்புறம் கீழ் உதட்டைத் தடவி, ஓய், இந்தப் புண் ஒரு மாசமா ஆறலையே என்றார். அன்றே அவரை டாக்டரிடம் அனுப்பினேன். டாக்டர் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை.

ஏழாவது மாப்பிள்ளையுடையது. அவருடைய அப்பா வைத்திருந்த பைப், நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது நானே ஆசையாகச் செய்து மாட்டிக் கொடுத்த குழல். பழைய நல்ல குச்சி என்னிடம் இன்னும் ஒரு ஜாண் இருக்கிறது, அதில் அவருக்கு வேறு செய்கிறேன். அவர் வாயில் புண், தடிப்பு, எரிச்சல் ஏதாவது இருக்கிறதா என்று நீயே விளக்கு வெளிச்சத்தில் பார், அவர் ஒன்றுமில்லை என்றால் நம்பாதே.

ஆம்பளைகள் ஒன்றுமில்லை என்றால் நம்பக் கூடாது என்று சொன்னது உன் அம்மாதான். எந்தக் குழலையும் கொடுக்கும்முன் கடித்து, இழுத்து, காற்று சீராக வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். ஏழும் முதலில் என் வாயில் இருந்தவை, கூடவே ஒரு வருஷமாக மூச்சில் போன அரத்தூள் வேறு. ஊரையெல்லாம் டாக்டரிடம் விரட்டுகிறீர்களே, நீங்கள் போனீர்களா என்று அம்மா நேற்றுக் கேட்டாள். நாக்கின் இடது ஓரத்தில் சொரசொரப்பாக ஒன்று இருப்பதை அப்போதுதான் சொன்னேன். இத்தனை வருஷமும் டாக்டர் தரும் சீட்டை அவளிடம் நீட்டுவேன், ஒன்றுமில்லையாம் என்பாள், நிம்மதியாக வருவேன். எத்தனை தடவை உள்ளதைச் சொன்னாளோ. நாளைக் காலை போகிறோம். சீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். சரி என்று தலையாட்டினேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணாடி இப்போதே என் சட்டைப் பையில் இருக்கிறது, அவளுக்குத் தெரியாது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். பைப் நன்றாக ஆறிய பிறகு குழலைத் திருகிக் கழற்று, சூட்டில் இழுத்தால் கழுத்து ஒடிந்துவிடும். துணியில் சுற்றி உடனே அனுப்பு, புதியதை அந்த அளவுக்குத்தான் கடைய வேண்டும்.

இப்படிக்கு, கட்டைவிரலில் மை இல்லாமல்,
உன் அப்பா