கரண்டு போகாத ஊரில் அழிந்த கடிதம்

அன்பான சூசை மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் நினைவுப் பூசைக்காகக் கோவில் பங்கு இதழில் ஒரு மூலை ஒதுக்கி, நான்கு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நான்கு வரியில் அடங்குகிற ஆளா நீ? கொஞ்சம் நீட்டிவிட்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் தோ பாயோவிலிருந்து சுரங்க ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. தோண்டுகிற தூசியை அத்தனை வருடம் திட்டினாய், ஏறிப் பார்க்க இல்லாமல் போய்விட்டாய். நம் கம்ப்யூட்டர் பெட்டியும் இன்னும் ஓடுகிறது.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், கோபிக்காதே. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் என் வீட்டில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரைத் தொலைபேசியோடு இணைத்து வைத்தோம். நண்பர்கள் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து என் எண்ணைக் கூப்பிட்டால் அதுவே எடுக்கும். செய்தி எழுதி வைக்கலாம், அடுத்தவர் எழுதியதைப் படிக்கலாம். பகலெல்லாம் போன் அதற்கு, ஆறு மணிக்கு மேல் உன் தங்கை ஸ்டெல்லாவுக்கு. மொத்தம் ஆறே பேர்தான். அதில் ஏழு பேர் சண்டையை நீ ஒருத்தனே போடுவாய்.

அதை வாங்க எத்தனை சனிக்கிழமை ரோச்சோர் கால்வாய்ப் பக்கத்துக் கடைகளில் அலைந்தோம்! எனக்கு வேண்டியது விலையும் குறைவு, கரண்டும் குறைவு. எங்கள் வீட்டில் நாள் முழுக்க எரிய அனுமதி உள்ளது திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் இருக்கும் சிவப்பு பல்பு ஒன்றுக்குத்தான். அது உன் தங்கை போட்ட சட்டம். கூட ஒன்று எரியவேண்டுமானால் அதுவும் அந்த பல்பைப் போல அடக்கமாக இருக்கவேண்டும். நீயோ ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் கைவைத்துச் சூடு பார்த்தாய். "தோசைக்கல்லுலா இது, வேணாம்" என்று பெரியவற்றையெல்லாம் தள்ளினாய். கடைசியில் விசிறிகூட இல்லாத ஒரு சின்னப் பெட்டி. "புள்ளைக்கு லேசாக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கு. இதை எடு" என்றாய்.

அதோடு விட்டாயா? "டிஸ்க் டிரைவ் ஒன்னும் சேத்து வாங்குலா. இல்லாட்டி எழுதுறதெல்லாம் மெமரியிலதான் நிக்கும். கரண்டு போச்சுன்னா அம்புட்டும் போச்சு."

"சிங்கப்பூர்ல எங்கலா கரண்டு போகுது?"

டிரைவின் விலை பெட்டியின் விலையைவிட அதிகம், அதன் மோட்டார் வேறு கரண்டு இழுக்கும் என்று நான் வாதாடினேன். கஞ்சன் என்றாய், சிக்கனம் என்றேன். இரண்டு வருடம் கரண்டு ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் உன்னிடம் இதைச் சொல்லிக் காட்டினேன்.

போன வருடத் தவக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிகரெட் பிடித்தாய். டாக்டரிடம் போகாததற்கு ஸ்டெல்லா கத்தினாள், நீயும் கத்தினாய். பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் தங்கை சண்டைதானே, ஈஸ்டர் பிரியாணியில் தீர்ந்துவிடும் என்று சும்மா இருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரம் முழுவதும் பெட்டியைத் தொடுவதில்லை என்பது என் ஒறுத்தல். பெட்டி ஓடும், மற்றவர்கள் எழுதுவார்கள், நான் மட்டும் பார்க்கமாட்டேன். புதன்கிழமை நீ என் ஆபீசுக்குப் போன் செய்தாய். "சாப்பாட்டுல கை வைக்காத நோன்பா பாத்துப் புடிச்சிருக்கே, கெட்டிக்காரன்லா நீ" என்று சிரித்தாய். பிறகு குரல் இறங்கியது. "உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஒன்னு எழுதி வச்சிருக்கேன். ஈஸ்டர் அன்னிக்கு ரெண்டு பேரும் சேந்து படிங்க." நான் ஏன் அன்று மாலையே படிக்கவில்லை? உன் குரல் இறங்கியதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளியன்று, கோவிலில் பீட விளக்கு அணைந்திருப்பதுபோல, ஸ்டெல்லா வீட்டிலும் அந்தச் சிவப்பு பல்பை அணைக்கச் சொல்வாள். வழக்கமாகப் பல்பைத் திருகி எடுப்பேன், அந்த வருடம் நான் முன்னாலேயே கோவிலுக்குப் போய்விட்டேன். அவள் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். அதே சுவிட்சில்தான் பெட்டியையும் மாட்டியிருந்தேன்.

மறுநாள் காலையில் நெஞ்சு வலியில் நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். சிவப்பு பல்பு எரிந்தது, பெட்டியும் ஓடியது, உள்ளே ஒன்றுமே இல்லை.

என் தோளுக்குப் பின்னால் நின்று ஸ்டெல்லா கேட்டாள். "அண்ணன் எதுவும் எழுதலையா?"

"இல்ல" என்றேன்.

அவள் கையால் அழிந்தது என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் என்று ஒரு வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் டிரைவ் வாங்காதவன் நான் என்று சொல்லத் தைரியமில்லை, மச்சான். வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் சுவிட்ச அடைச்சதுனாலயா?"

"நான் அவன் பேச்சக் கேக்காததுனால."

வெகுநேரம் அழுதாள். பிறகு, "எனக்கும் சேத்துத்தானே எழுதுச்சு?" என்று கேட்டாள்.

"ஆமா. ரெண்டு பேரும் சேந்து படிக்கணும்னு சொன்னான்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போகுது. அண்ணன் எம்மேல கோவத்தோடயே போயிடுச்சுன்னு ஒரு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேனே!"

அவளிடம் நான் மறைத்தது அதைத்தான். திட்டுவதற்கு நீ இல்லையே என்று அன்றைக்குத்தான் மிகவும் ஏங்கினேன்.

டிரைவ் வாங்கிவிட்டேன், தனி சுவிட்சும் போட்டாயிற்று. இனி உன் தங்கையிடம் எதையும் மறைப்பதில்லை. இந்தக் கடிதத்தையும் அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். வருகிற ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்ததும் நாங்கள் இருவரும் பெட்டிக்கு முன்னால் உட்காருவோம். படிக்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் நீ சொன்னபடி, சேர்ந்து உட்காருவோம்.

உன் தங்கையைக் கட்டிய
கஞ்ச மச்சான்,
அந்தோணி