ஊர்த்தலைவர் வீட்டுப் புகையன்

பிப்ரவரி 6
கடைசி லோடு நிலக்கரி இன்று போய்விட்டது. இருபத்திரண்டு வருடம் கரி நிறுத்த தராசில் இனி பழைய இரும்புதான். மே மாதத்திலிருந்து எங்கள் மாகாணத்தில் பழைய கரியடுப்பை வைத்து வீட்டைச் சூடாக்கக் கூடாது. காற்றிலிருந்து சூடெடுக்கும் மின் பம்பு வைத்தால் அரசு பணம் தருகிறது. ஆனால் நிலவறையில் இருந்த பழைய அடுப்பை எடுத்து உடைத்தாகிவிட்டது என்று சீட்டுக் காட்ட வேண்டும். ஒன்பது ஊருக்கும் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடுவது நான்.

கரி விற்றவளே அடுப்பையும் அள்ளுகிறாள் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எந்த வீட்டு நிலவறைக்கு எத்தனை படி, எந்தக் கதவு குறுகல் என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

பிப்ரவரி 9
இன்று பதினொரு புகையன் அள்ளினோம். ஊரில் அந்த அடுப்புக்கு அதுதான் பெயர். லாரி ஓட்டும் லூட்சியானுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 15
ஊர்த்தலைவர் ரொமுவால்ட் வந்தார். தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

“போகுஷா, என் வீட்டுச் சீட்டை எழுதிடும்மா.”

“எழுதிடலாம் தலைவரே. அடுப்பு எங்கே?”

“அது கீழேயே கிடக்கட்டும். ஜனவரில மூணு நாள் கரண்ட் போச்சே, அப்ப இந்தப் பம்பு என்ன பண்ணும், பாட்டா பாடும்?”

“அப்புறம் சீட்டு எதுக்கு?”

“சீட்டு அரசாங்கத்துக்கு. அடுப்பு எனக்கு.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுப்பு அள்ளும் ஒப்பந்தம் மார்ச்சில் ஒன்றியக் கூட்டத்துக்கு வருகிறது என்று, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பிப்ரவரி 16
ஒப்பந்தம் போனால் லாரியும் தராசும் லூட்சியானும் சும்மா நிற்க வேண்டியதுதான். ஒரே ஒரு கையெழுத்து. யார் பார்க்கப் போகிறார்கள்?

ஊரே பார்க்கும்டி போகுஷா! அவர் புகைபோக்கியில புகை வந்த அன்னிக்கே பார்க்கும். தலைவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒண்ணான்னு வரிசையா வந்து நிப்பாங்க. அப்புறம் என் சீட்டு எதுக்கு ஆகும் — மீன் மடிக்கவா?

அந்தப் புகையனை அவருக்கு விற்றதும் நான்தான். நல்ல சரக்கு. இன்றைக்கும் ஒரு கீறல் இருக்காது.

பிப்ரவரி 20
முடியாது என்று போனில் சொல்லிவிட்டேன். “பிரஸ்ஸல்ஸ்ல உட்கார்ந்து எவனோ சட்டம் எழுதறான், நீ வந்து என் நிலவறைய எட்டிப் பார்க்கறே” என்றார். வைத்துவிட்டார்.

பிப்ரவரி 27
ஒரு அடுப்புகூட வரவில்லை. தலைவர் வீட்டில் எடுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்களாம்.

மார்ச் 2
ரொட்டிக்கடை வரிசையில் ரொமுவால்டின் மனைவி தெயோடோரா.

“அக்கா, எங்க புகையனை எப்ப தூக்கப் போறீங்க?”

“உன் வீட்டுக்காரரைக் கேளு.”

“அவர் மேல கூடத்துல உட்கார்ந்து செய்தி பார்க்கறார். காலைல நாலு கூடை, சாயங்காலம் நாலு கூடை கரி போடறது யாரு? அடுப்பு வேணும்னா அவரையே இறங்கி அள்ளச் சொல்லுங்க!”

வரிசையே சிரித்தது. வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா கரண்ட் போனா குளிருமேக்கா. அந்தப் பயம் எனக்கும் இருக்கு.”

மார்ச் 3
பயம் நிஜமென்றால் அதற்கு ஒரு சரக்கும் இருக்கும். இத்தனை நாள் இது ஏன் உறைக்கவில்லை எனக்கு? விதிகளை எழுத்தெழுத்தாகப் படித்தேன். சான்று பெற்ற சின்ன விறகுக் கணப்பு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மின்சாரம் வேண்டாம். கிடங்கில் ஒன்று நிற்கிறது.

மார்ச் 5
கணப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். தெயோடோரா புளிக்கவைத்த முட்டைக்கோஸ் சூப் ஊற்றினாள். ரொமுவால்ட் கணப்பின் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். வாங்கப்போகிறவர் கை அது, எனக்குத் தெரியாதா?

“சரி, ஒழியட்டும். இருட்டினப்புறம் வந்து தூக்கிட்டுப் போ.”

“எங்க ஆளுங்க பகல்லதான் வேலை செய்வாங்க, தலைவரே.”

“தார்ப்பாயாவது போட்டு மூடு!”

“எதுக்கு? திருட்டுச் சாமானா?”

தெயோடோரா அடுப்படியில் சிரிப்பை அடக்குவது கேட்டது.

“கூட்டத்துல உனக்குத்தான் கை தூக்குவேன், போதுமா?” என்றார்.

“அதை இந்த விலையில சேர்க்காதீங்க. என் வேலையைப் பார்த்துட்டுத் தூக்குங்க.”

கணப்பின் கதவை மூடினார். பிறகு கை நீட்டினார்.

முடிந்த பேச்சு: பழைய அடுப்பு முந்நூற்றெண்பது கிலோ, கிலோவுக்கு ஒரு ஸ்வோட்டி காசு நான் தருவேன். கணப்பு நான் வாங்கிய விலைக்கே. பிர்ச் மர விறகு இரண்டு கன மீட்டர் என் கணக்கில். அடுப்பு லாரியில் ஏறிய பிறகுதான் சீட்டில் கையெழுத்து. லாரி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சந்தை நடுவே, தார்ப்பாய் இல்லாமல் போகும்.