திரும்பி வராத ஜீப்புக்கு வரி

செப். 16, செவ்வாய்

காலையில் தூறல். மலை தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று.

பதினொரு மணிக்குப் பதிவுத் தபால். ஜீப்பை வெளிநாடு கொண்டுபோக, வண்டி திரும்பி வரும் என்று உறுதிப் புத்தகம் கொடுத்த மோட்டார் சங்கத்திடமிருந்து. கென்யாவுக்குள் வந்த வண்டி வெளியேறியதாக முத்திரை இல்லை. ஆகவே அங்கேயே விற்றதாகக் கொண்டு முழு இறக்குமதி வரி. வண்டி அங்கே திருடுபோனது விலக்கு ஆகாதாம். கணவர் போனபின் வண்டி என் பேரில், பொறுப்பும் என்னுடையது. முப்பது நாள் கெடு. தவறினால் இந்தப் புத்தகத்துக்காக வங்கியில் ஈடு வைத்த புளியந்தோப்பு போகும். என் கணவரைப் புதைத்த இடம்.

கடலைத் தாண்டாதவள் நான்.

ஓட்டிப்போனவன் மகன் பாஸ்கர். போன மாதம் வெறுங்கையோடு திரும்பினான். நாற்பத்தெட்டு வயது. கடிதத்தை நீட்டி, "பொறுப்பில்லாதவன்" என்றேன்.

செப். 17, புதன்

பாலில் தண்ணீர். பால்கார ராணியைக் கண்டித்தேன்.

"பால வுடுங்க பெரிம்மா. திருடுனவன் ஒருத்தன், வரி உங்களுக்காமே? அவன் வூட்டுக்கும் ஒரு பில்லு அனுப்பச் சொல்லுங்க."

அதற்குள் ஊருக்கே தெரியும். சிரிப்பு வந்தது, காட்டவில்லை.

மகன் பா. சரியாகச் சாப்பிடவில்லை. ரசம் மட்டும். அப்பாவின் வண்டியைத் தொலைத்தாய், இப்போது அப்பாவையும் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

செப். 18, வியாழன்

இருவரும் வேலூர். கண்ணமங்கலம் வரை பஸ்ஸில் இடமில்லை. வக்கீல் நல்ல மாதிரி. மேசை மட்டும் அலங்கோலம். கென்யாவில் பா. கொடுத்த போலீஸ் புகாரின் நகலைப் படித்தார்.

"புக்கு கைல இருந்திருந்தா அங்கயே கஸ்டம்ஸ்ல காட்டி, திருட்டுன்னு எழுதி வாங்கப் பாத்திருக்கலாமே தம்பி. அத யாராச்சும் வண்டிலயே வுட்டுட்டுப் போவாங்களா?"

"நாந்தாங்க சார் வுட்டேன். மறதி."

மறதி இல்லை. கிளம்பிய அன்று உறுதிப் புத்தகத்தைத் தன் பையில்தான் வைத்தான். அவன் தடுத்தும் நான் எடுத்தேன். மஞ்சள் துணியில் சுற்றி, ஜீப்பின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வண்டிக் காகிதம் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. மலைச் சாலைச் செக்போஸ்ட்டில் காகிதம் இல்லாமல் என் கணவரை ஒரு நாள் முழுக்க நிறுத்தியதிலிருந்து இந்த வீட்டுச் சட்டம். வெளியே எடுக்கமாட்டேன் என்று பா.விடம் சத்தியமும் வாங்கினேன்.

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தான்.

செப். 19, வெள்ளி

வெயில். அலமாரி சுத்தம் செய்தேன். தலைவலி, ஒரு மாத்திரை.

கான்வென்ட்டில் படிக்கையில், தப்பு செய்தது யார் என்று சிஸ்டர் கேட்டால் முதலில் எழுந்து நிற்பவள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. நேற்று உட்கார்ந்திருந்தேன்.

செப். 20, சனி

சங்கத்துக்குக் கடிதம், இரண்டு பக்கம். புத்தகத்தை வண்டியில் வைத்தது நான். மகன் தடுத்தும் வைத்தேன். கெடுவை நீட்டிக்கக் கேட்டேன். வரியில் சலுகை கேட்கவில்லை.

பா.விடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான்.

"இத எழுதுனா வரி கொறையாதும்மா."

"தெரியும்."

"தோப்பும் போவும்."

"போகட்டும்."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

நகல் ஒன்று எழுதி வைத்திருந்தேன். "இது உன்னிடம் இருக்கட்டும்" என்றேன்.

வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும். செருப்பை மாட்டினேன். அவனும் மாட்டினான்.