அமைச்சரின் குதிரை கிழக்கே போனது

அன்பு மகள் உயங்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஆடுகள் சுகம், குளிரைத் தாண்டி ஒரு மாதிரியாக வசந்தத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். நீயும் அங்கே ஜெனிவாவில் சுகமாக இருக்க வேண்டும், தூதரகத்தில் கூட்டம் கூட்டம் என்று வெறும் காப்பியைக் குடித்து வயிற்றைக் காயப் போடாமல் இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதி, தெற்கு எல்லைக் கேட் திறந்துவிட்டது, நம் கிடாய்கள் லாரி ஏறிவிட்டன. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் குதிரை விஷயத்தைப் போனில் பேசவே கூடாது என்று உன் மாமா பல்தன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். கடிதத்தில் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோமாரி வந்து கேட்டை மூடியது உனக்குத் தெரியும். நோய் போன பிறகும் திறக்கவில்லை. கடல் கடந்த வல்லரசின் படைத்தலைவருக்கு நம் தலைநகரில் விருந்து வைத்ததில் தெற்கு நாட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று ரேடியோவில் பேசிக்கொண்டார்கள். வடக்கிலும் தெற்கிலும் இரண்டு பெரிய வீட்டுக்கு நடுவில் குடியிருப்பவர்கள் அடுத்த தெருவில் ஒரு சிநேகிதம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நீ கேட்பாய். வைத்துக்கொள்ளலாம் மகளே, ஆனால் புல்லுக்கட்டு தீர்ந்தது எங்களுக்குத்தானே. குளிருக்கு முன்பே விற்றிருக்க வேண்டிய கிடாய்கள் எல்லாம் குட்டி போடும் ஆடுகளின் தீவனத்தையும் சேர்த்துத் தின்றன. இன்னும் ஒரு மாதம் கேட் மூடிக் கிடந்திருந்தால் பாதி மந்தை போயிருக்கும். ஊர்க் கூட்டத்தில் மாவட்டத் தலைவர் என்ற முறையில் உன் மாமாவைக் கிழித்துவிட்டார்கள். "ஓட்டுக்கு வந்தப்ப எங்க கதவைத் தட்டத் தெரிஞ்சுதே, இப்ப அந்தக் கேட்டைத் தட்டத் தெரியலையா" என்று கோம்போ வீட்டுப் பெண் கேட்டாள். நான் அவன் அக்கா என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன்.

கடைசியில் தெற்கு நாட்டு வணிக அமைச்சரே கால்நடை மருத்துவர்களோடு நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகச் சேதி வந்தது. கூடவே இன்னொன்று, முன்பு வந்தபோது நம் நாடு தனக்குப் பரிசாகக் கொடுத்த குதிரையையும் பார்க்க வேண்டுமாம். வழக்கப்படி அதை இங்கேயே விட்டு அப்பாவிடம் ஒப்படைத்திருந்தார்களே, அந்தச் செந்நிறச் சிவலைதான். அவர் அதற்குத் தன் மொழியில் ஏதோ பெயர் வைத்தார். நாம் எந்தக் காலத்தில் குதிரைக்குப் பெயர் வைத்தோம், அப்பாவின் வாயில் அது நுழையவே இல்லை. வடக்கு நாட்டு அமைச்சருக்குக் கொடுத்து அப்பாவிடமே விட்டதும் சிவலைதான் என்பதால் ஒன்றைத் தெற்குச் சிவலை என்றும் மற்றதை வடக்குச் சிவலை என்றும் சொல்லிக்கொள்வோம். நம் நேரம், அமைச்சர் வருகிற சமயம் பார்த்துத் தெற்குச் சிவலையைக் காணோம். அது கிழக்கே தாரிகங்காவில் பிறந்த குதிரை, பனி உருகத் தொடங்கியதிலிருந்தே கிழக்கே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது, ஒரு நாள் காலையில் நடையைக் கட்டிவிட்டது. அப்பா மோட்டார் சைக்கிளில் அலைந்து முகமெல்லாம் வெடித்துப்போய் வெறுங்கையோடு திரும்பினார்.

பல்தன் ஓடி வந்தான். "மச்சான், வடக்குச் சிவலையைக் காட்டிடுங்க. ரெண்டும் சிவலை, ரெண்டுக்கும் நாலு காலு, அவருக்கு என்ன தெரியப்போகுது" என்றான். "அது வேற ஆளோட குதிரை" என்றார் அப்பா. "கேட்டு தொறக்கலைன்னா உங்க ஆடும் சாகும், என் பதவியும் சாகும்" என்று அவன் கத்தினான். உன் பதவி செத்தால் நல்ல இடமாகப் பார்த்துப் புதைக்கிறேன், இப்போது டீயைக் குடி என்று நான் வாயை அடைத்தேன். ஆனால் உனக்குச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் காட்டித் தொலைக்கலாம் என்றுதான் இருந்தது. குட்டிகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

அமைச்சர் வந்தார், வயசானவர், கூடாரத்தில் உட்கார்ந்து உப்பு டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். மரியாதைக்கு மூக்குப்பொடிக் குப்பியை மாற்றிக்கொண்ட பிறகு அப்பா நீலப் பட்டுத் துணியின் மேல் குதிரையின் வெறும் தலைக்கயிற்றை வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். "உங்க குதிரை இங்க இல்லீங்க. பொறந்த எடத்தைத் தேடிப் போயிடுச்சு. பார்த்துக்கிறேன்னு சொன்னவன் நான், தப்பு என்னோடது" என்றார். மொழிபெயர்க்கும் பெண் பல்தனைப் பார்த்தாள். பல்தன் கூரையைப் பார்த்தான். "நான் சொன்னதை அப்படியே சொல்லும்மா" என்றார் அப்பா. அவள் சொன்னாள். அமைச்சர் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நேத்து தலைநகர் விருந்துல, குதிரை கொழுத்துப்போய் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குதுன்னாங்களே" என்றார். அவரே சிரித்துவிட்டார். "வாசலைத் திற, வாசலைத் திறன்னு நீங்க எல்லாரும் என் உயிரை வாங்குறீங்க, என் குதிரை பாரு, யாரையும் கேக்காமலே போயிடுச்சு" என்றார். சிரித்து முடித்ததும் மருத்துவர்களைக் கூப்பிட்டு, "தாளெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதல்ல இவரைக் கேளுங்க" என்றார். எந்த மந்தையில் நோய் வந்தது, எங்கே புதைத்தார்கள், எப்போது நின்றது என்று எல்லாவற்றையும் அப்பா ஒளிக்காமல் சொன்னார். அவர்கள் ஆடுகளிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள், சில நாளில் கேட் திறந்தது.

அப்பா பேசியதால்தான் திறந்தது என்று நான் சொல்ல மாட்டேன், பெரிய இடத்துக் கணக்கு உனக்குத்தான் தெரியும். அவர்களுக்கு இறைச்சித் தட்டுப்பாடு, எப்படியும் திறந்திருப்பார்கள் என்கிறாள் கோம்போ வீட்டுப் பெண். பல்தன் தன்னால்தான் என்று சொல்லித் திரிகிறான், தேர்தல் வருகிறதே. எனக்குத் தெரிந்தது இதுதான், லாரி கேட்டைத் தாண்டிவிட்டது என்று போன் வந்ததும் உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து குலுங்கி அழுதார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கின மாதிரி இருந்தது. அவர் உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார். "பெரிய நாட்டுக்காரன் பொய் சொன்னா அவன் பின்னாடி பட்டாளம் நிக்கும், நம்ம பின்னாடி நம்ம பேச்சு மட்டும்தான் நிக்கும்" என்றார். இதை அப்படியே உன் மேலதிகாரியிடம் ஒப்பித்து வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே.

குதிரையும் கிடைத்துவிட்டது. தாரிகங்காவில் பழைய கூட்டத்தோடு நிற்கிறது, இளைத்திருக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறது என்று அங்கேயிருந்து பேசினார்கள். அமைச்சருக்குச் சேதி போனது, அங்கேயே இருக்கட்டும், அடுத்த தடவை நான் அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது. இலையுதிர் காலத்தில் வடக்கு நாட்டு அமைச்சர் வருகிறாராம். அதனால் வடக்குச் சிவலையை அப்பா கண்ணை எடுக்காமல் காவல் காக்கிறார், என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

தினமும் முதல் பாலை உன் திசை பார்த்துத் தெளிக்கிறேன். உன் வழி அகலமாக இருக்கட்டும், உடம்பு சுகப்படட்டும், நல்ல மனிதர்கள் உன் எதிரில் வரட்டும். மூன்று கோடையாக லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்கிறாய். அந்தக் குதிரைக்குப் பாஸ்போர்ட் கிடையாது, கையில் காசு கிடையாது, வழி கேட்க வாயும் கிடையாது. அது ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது உயங்கா.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா தோல்கோர்