பிளேனில் வராத காய்கள்

2025 பெப்ரவரி 8, சனி

மரக்கறிப் பெட்டி வந்தது. லீக்ஸ், டேர்னிப், கேல். போன கிழமையும் இதே மூன்றும்தான். இங்கிலாந்து மண்ணில் அந்தந்தப் பருவத்தில் விளைவதை மட்டும் ஒரு வருடம் சாப்பிடுவதென்று இவர், அபிஷன், புது வருடத்தன்று முடிவெடுத்தார். பிளேனில் வந்த எந்தக் காயும் ஹரோவிலுள்ள இந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. சனிக்கிழமைகளில் சாப்பாட்டுக் கோப்பையைப் படமெடுத்துப் போடுகிறார். இருநூறு பேர் பாராட்டுகிறார்கள். வருடம் அவருடையது. சமையல் என்னுடையது.

மார்ச் 15

டேர்னிப் பால்கறி. வேறென்ன எழுத?

ஏப்ரல் 19

பழையது முடிந்து புதியது விளையாத இடைவெளியாம் இது. பெட்டியில் முளைவிட்ட உருளைக்கிழங்கு. கத்தரிக்காய் எப்போது வருமென்று கேட்டேன். ஓகஸ்ட் என்றார், சந்தோசமாக.

அம்மாவுக்குப் போன் எடுத்து அழுதேன். மருமகனுக்குக் குடியில்லை, சிகரெட் இல்லை, கை நீட்டும் பழக்கமில்லை. "லீக்ஸ் சாப்பிடக் குடுத்தவன் எண்டு ஆரிட்டையடி போய்ச் சொல்லுறது?" என்று அம்மா கேட்டா.

அதுதானே. ஆரிட்டைச் சொல்ல? கலியாணம் கட்டி வந்து எட்டு மாதம். உமக்கு என்ன சாப்பிட ஆசை என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் இவர் கேட்டதில்லை. சத்தம் போடுகிற மனிதன் என்றால் நானும் திருப்பிச் சத்தம் போடலாம். இவர் பொறுமையாக விளக்குகிறார்.

ஜூலை 20

வியாழன் ஆடி அமாவாசை. லண்டனில் எனக்கு முதலாவது. அப்பா தவறி மூன்று வருடம். தகப்பனை இழந்த பிள்ளைகள் அன்று விரதமிருந்து, காத்தோட்டிக்காய் பொரித்துப் படைத்துச் சாப்பிட வேண்டும். கசப்புக் காய். வருடத்தில் இந்த ஒரு நாளுக்குத்தான் அதைத் தேடுவோம். அதற்கும் இதுதான் பருவம் என்று இவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு வருசம்தானே. மாமா விளங்கிக்கொள்ளுவார். நீர் கூர்ஜெற்றைப் பொரியுமன்."

என் அப்பாவை இவர் கண்டதேயில்லை. நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜூலை 24, வியாழன்

பெட்டியில் வந்த கூர்ஜெற்றை, வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் அந்தக் காயை, பொரித்து அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். சாப்பிட வாங்கோ அப்பா என்று கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை. அடுப்பை நிற்பாட்டிவிட்டு, 183ஆம் பஸ் பிடித்துக் கிங்ஸ்பரித் தமிழ்க் கடைக்குப் போனேன். பெட்டியின் அடியில் ஒரு பிடி காத்தோட்டிக்காய் கிடந்தது. வெள்ளெனவே வந்திருக்கலாமே பிள்ளை என்றார் கடைக்காரர் கிருஷ்ணராசா அண்ணை. ஓம், வந்திருக்கலாம்.

இவர் மத்தியானம் வேலையால் வந்தபோது வீடு முழுக்கப் பொரியல் மணம். அப்பாவின் படையலைப் பார்த்தார்.

"இது எங்கையிருந்து வந்தது?"

"யாழ்ப்பாணத்திலையிருந்து. பிளேனிலை. என்னைப்போல."

சட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னேன். இவர் எதையும் விளக்கவில்லை.

ஜூலை 26

இன்று சனி. இவர் படம் போடவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நித்திரை வருகிறது.

ஓகஸ்ட் 2, சனி

பெட்டியில் பீற்றூட், பீன்ஸ். இவரே வெட்டினார், இவரே சமைத்தார். நான் கதிரையில் இருந்தேன். எப்படியிருக்கு என்று கேட்டார். பீற்றூட் வேகவில்லை, உப்பும் காணாது என்றேன். எழும்பிப் போய் உப்பை எடுத்து வந்தார்.