உயிர்த்தண்ணி

அன்புள்ள மகன் சின்னராசுவுக்கு அம்மா செவ்வந்தி எழுதுவது. நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. அந்த ஆந்திரா ஜெயிலில் உனக்கு வேளைக்குச் சோறு போடுகிறார்களா, முதுகு வீக்கம் வத்தியதா என்று எழுது. கூலிக்குச் செம்மரம் வெட்டப் போன நீ உள்ளே போய் ஏழு மாதம், வெட்டக் கூட்டிப்போன புரோக்கர் இங்கே புது பைக்கில் சுத்திக்கினு இருக்கிறான்.

உன் ஜாமீன் விஷயம் கெட்டுப்போச்சு, கெடுத்தது நான்தான். சொத்து உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்களாம். நாலு தலைமுறையாக உழுகிற நம்ம காட்டுக்குப் பட்டா இல்லை, அதனால் நாங்கள் பெத்தவர்களாக இருந்தும் ஆகாதாம். நான் பெருக்கப் போகிற லாட்ஜ் முதலாளி அரங்கநாதன்தான் வந்து போடுகிறேன் என்று ஒத்துக்கினு இருந்தார். அவர் சம்சாரம் தங்கமணியம்மா ஊட்டியிலிருந்து ஒரு கள்ளிச் சாதிச் செடி கொண்டுவந்து உசுராக வளர்த்தாங்க, தாமரை மாதிரி அடுக்கடுக்காகத் தடித்த இலை. வேர் தொட்டியை அடைச்சிக்கிச்சு, பெரிய தொட்டிக்கு மாத்தி வை என்று சொல்லிவிட்டு பத்து நாள் சேலம் போய்விட்டாங்க. எப்படி என்று அவங்களும் சொல்லவில்லை, நாத்து நடுகிறவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று நானும் கேட்கவில்லை. மக்கின சாணத்தையும் களிமண்ணையும் பிசைந்து நட்டு, நனைய நனைய ஊத்தி, மூன்றாம் நாள் வயலுக்கு விடுகிற மாதிரி உயிர்த்தண்ணியும் விட்டேன். உனக்காக அவர் போடப்போகிற கையெழுத்து இதில்தான் இருக்கிறது என்று நினைத்து நினைத்து அதற்கப்புறமும் தினம் ஊத்தினேன். எட்டாம் நாள் இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கையோடு வந்தது. தோண்டிப் பார்த்தால் வேர் கருத்து நாறிக்கினு கிடந்தது.

முதலாளி எல்லார் எதிரிலும், ஒரு செடியை வெச்சுக்கத் தெரியாதவ புள்ளைய இன்னா லட்சணத்துல வளர்த்திருப்ப, அதான் உள்ள கெடக்குறான், நான் கையெழுத்தும் போடல ஒண்ணும் போடலன்னு சொல்லிட்டார். மலையில் பிறந்ததற்கு எத்தனையோ பேச்சு கேட்டாச்சு, இது மட்டும் நெஞ்சில் நிற்கிறது. அந்தம்மா சேலத்திலிருந்து வந்து பார்த்துச் சத்தம் போடவில்லை. இதுக்கு நட்டு ஒரு வாரம் சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது செவ்வந்தி, ஆத்து மணலும் செங்கல் தூளும்தான் வேணும், மண்ணு நல்லா காஞ்ச பொறகுதான் ஊத்தணும் என்றாங்க. அழுகாத மூன்று இலையைக் கிள்ளி, நாலு நாள் நிழலில் காயவிட்டு மணல் மேல் வைக்கச் சொன்னாங்க, ஒண்ணாவது வேர் விட்டா இவர்கிட்ட மறுபடி பேசறேன் என்றாங்க.

மணலில் வைத்து இன்றோடு இருபத்திரண்டு நாள். இரண்டு இலை சுருங்கிவிட்டது, மூன்றாவதின் அடியில் இன்னும் ஒன்றும் காணோம். ஊத்தாமல் இருப்பதுதான் இப்போது என் வேலை. ஒரு மனுசன் வெளியே வர ஒரு இலை வேர் விட வேண்டிய ஊரில் உன்னைப் பெத்திருக்கிறேன். அப்பா வேறு ஜாமீன் ஆள் தேடி கள்ளக்குறிச்சியில் வாசல் வாசலாக ஏறி இறங்குகிறார், ஒருத்தரும் உட்காரச் சொல்லவில்லை. நீ இதை நம்பி நாளை எண்ணாதே.

உன் ஆயுசு கெட்டியாக இருக்கட்டும், அதில் மிச்சம் இருப்பதை வெளியே வந்து வாழ். தெலுங்கில் எழுதிய காகிதம் எதை நீட்டினாலும், படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் கையெழுத்துப் போடாதே, அடித்தாலும் போடாதே.

இப்படிக்கு உன் அம்மா,
மா. செவ்வந்தி, கரியாலூர்.